கிராணியார் எழுதிய நற்சான்று

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு முடிவு வெளிவந்த மறுநாள் என் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகளின் பெற்றோர்கள் கேமரன் மலையில் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை ஒருவர் விடாமல் அழைப்பார்கள். "டீச்சர், எம்மவளுக்கு எட்டு ஏ. நல்ல காலேஜா, ஸ்காலர்ஷிப்போட ஏதாச்சும் இருக்கா?" நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தக் கல்லூரியில் முழுக் கட்டண விலக்கு, அந்தக் கல்லூரியில் பாதி, இதற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்று மனப்பாடமாக ஒப்பிப்பேன். அவர்களும் 'டீச்சருக்குத் தெரியாத ஸ்காலர்ஷிப்பே இல்லை' என்று பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

இன்று ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாழ்நாளில் நான் ஒரேயொரு உதவித்தொகைகூட வாங்கியதில்லை. வாங்கப் போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். (அந்தப் பெற்றோர்கள் இதைப் படிக்காமல் இருப்பார்களாக.)

அப்போது எனக்குப் பதினேழு முடிந்து பதினெட்டு. தேர்வில் ஒன்பது ஏ வாங்கியிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் ஒன்பது ஏ வாங்கியதில்லை. அதனால் என் தலை, கழுத்தில் நிற்காமல் எங்கேயோ பறந்துகொண்டிருந்தது. தானா ராத்தா பள்ளியிலேயே ஆறாம் படிவம் படிக்கலாம் என்றார் அப்பா. எனக்கு அது ஒப்பவில்லை. அதே பள்ளி, அதே பேருந்து, அதே குளிர், அதே கேன்டீன் மீகோரேங் நூடுல்ஸ். ஒன்பது ஏ வாங்கியவள் இதற்கா பிறந்தாள்?

நான் கண் வைத்தது கோலாலம்பூர்ப் பக்கம் இருந்த ஒரு தனியார் கல்லூரியின் மேல். நூற்றுக்கணக்கானவர்கள் விண்ணப்பித்தாலும் பொறுக்கியெடுத்துச் சிலரைத்தான் சேர்ப்பார்கள். அந்தச் சிலரிலும் மிகச் சிறந்த இரண்டு பேருக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். அது கிடைத்தால் நான் மலையை விட்டு இறங்கலாம். கிடைக்காவிட்டால் பழையபடி அந்த மீகோரேங். வழி வேறு இல்லை. அப்பாவின் சம்பளத்தில் அந்தக் கல்லூரியின் வாசற்கதவைத் தொட்டுப் பார்ப்பதே பெரிய விஷயம்.

எங்கள் லைன் வீடுகளில் இணையம் எட்டாது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் இடதுபுறத் தூணில் முதுகைச் சாய்த்து, கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால்தான் இரண்டு கோடு தெரியும். மூன்று வாரம் அந்தத் தூணிலேயே குடியிருந்தேன். சிறந்த கல்லூரிகளில் உதவித்தொகை பெறுவது எப்படி என்று தேடியதில் ஓர் அமெரிக்க இணையப் பக்கம் அகப்பட்டது. ஒன்பதாம் வகுப்பிலேயே தயாராகத் தொடங்குங்கள் என்றது. (அது போய் ரொம்ப நாளாச்சு.) வயலின் கற்றுக்கொள்ளுங்கள் என்றது. படகுப் போட்டியில் சேருங்கள் என்றது. ரிங்லெட் அணைக்கட்டு ஏரியில் படகு கிடைக்குமா என்று நான் உண்மையாகவே விசாரித்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பக்கம் ஒன்றை அடித்துச் சொன்னது. இது ஏழைகளுக்கான உதவி அல்ல, திறமைசாலிகளுக்கான பரிசு. எனவே உங்கள் தலைமைத்துவத்தையும் குடும்பப் பின்னணியையும் கம்பீரமாக எடுத்துச் சொல்லுங்கள். நான் எடுத்துச் சொன்னேன். அடடா, எப்படி எடுத்துச் சொன்னேன்!

மாரியம்மன் திருவிழாவில் வரிசையில் நிற்பவர்களுக்கு நீர்மோர் ஊற்றியவள் நான். விண்ணப்பத்தில் 'பெருந்திரளான மக்களுக்குப் பானம் வழங்கும் பிரிவின் பொறுப்பாளர்' ஆனேன். பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் சந்தையில் சித்தப்பாவின் சோளக் கடையில் நின்றது 'அனைத்துலகச் சுற்றுலாப் பயணிகளுடன் வணிக அனுபவம்' ஆயிற்று. (ஒரு கொரியாக்காரருக்கு மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்து அவர் திரும்பி வந்து சண்டை பிடித்ததும் அதே அனுபவத்தில் அடக்கம்.)

என் அப்பா ஆறுமுகம் தோட்டத்தில் கங்காணி. பன்னிரண்டு ஆட்களை அழைத்துக்கொண்டு போய் மலையில் வேலை வாங்குவார். அம்மாவும் மலைக்குப் போகிறவர்தான். நான் எழுதிய கட்டுரையின் முதல் வரி இது: 'மூன்று தலைமுறைகளாகத் தேயிலைத் தொழிலில் ஈடுபட்டு, தற்போது நாற்பது ஏக்கரை நிர்வகித்துவரும் குடும்பத்தில் பிறந்தவள் நான்.' இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அந்தத் தூணுக்கு நான் விளக்கிச் சொன்னேன். தூண் மறுப்பேதும் சொல்லவில்லை.

கட்டுரை முடிந்தது. மிச்சம் இருந்தது நற்சான்றுக் கடிதம். உறவினரும் ஆசிரியரும் அல்லாத, பொறுப்பான பதவியில் இருக்கும் ஒருவர் எழுத வேண்டும். எழுதி உறையில் இட்டு ஒட்டிவிட வேண்டும், விண்ணப்பதாரர் அதைப் படிக்கக் கூடாது, பிரிக்காமல் நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்துத் துரை வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, அவருக்கு என்னைத் தெரியாது. ஆகவே ஆபிஸில் எல்லாக் கணக்கும் எழுதும் பெரிய கிராணியாரிடம் போனேன்.

கிராணியார் நடராஜாவை அறியாதவர் எங்கள் மலையில் இல்லை. கம்பளிச் சட்டை, காதை மூடிய குல்லா, அதற்கு மேல் மூக்குக் கண்ணாடி. ஓர் ஆள் வேலைக்குச் சேர்ந்தாலும், சுகமில்லை என்றாலும், வேறு தோட்டத்துக்குப் போனாலும் கடிதம் எழுதித் துரையின் முத்திரையைக் குத்துகிறவர் அவர்தான். இணையத்திலிருந்து ஒரு மாதிரிக் கடிதத்தைத் தானா ராத்தாவில் அச்செடுத்துக் கொண்டுபோய் மரியாதையாக மேசையில் வைத்தேன். அவர் அதன் மேல் தேநீர்க் கிளாஸை வைத்தார்.

"என்ன பாப்பா, சூராட்டா? எந்த எஸ்டேட்டுக்குப் போறே?"

"எஸ்டேட்டுக்கு இல்லீங்க ஐயா. காலேஜுக்கு. நற்சான்றுக் கடிதம்."

"எல்லாம் ஒண்ணுதான்லா. முப்பது வருசமா சூராட் எழுதுறேன். என் சூராட்டக் கொண்டுபோன ஒருத்தனும் வேல கெடைக்காமத் திரும்பி வந்ததில்ல."

"ஐயா, அந்த மாதிரியக் கொஞ்சம் பாத்துட்டு..."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று குல்லாவைச் சரிசெய்துகொண்டார்.

மறுநாள் உறை தயாராக இருந்தது. ஒட்டிய இடத்தில் துரையின் முத்திரை ஊதா மையில் பளிச்சென்று விழுந்திருந்தது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரும் வரை அம்மா அதை முருகன் படத்துக்கு முன் வைத்திருந்தார். ஒவ்வொரு வெள்ளியும் அதற்கும் விபூதி, குங்குமம், சூடம் எல்லாம் உண்டு.

அழைப்பும் வந்தது. உடனே லைனே திரண்டது. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா தன் கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கோயில் தலைவர் ஒரு கம்பளி கொடுத்தார். கீழ்நாட்டில் வெயில் பொசுக்கும் என்று யார் சொன்னாலும் அவருக்கு ஏறவில்லை. நான் போவது நேர்முகத் தேர்வுக்குத்தான், இன்னும் சேரவில்லை என்று அம்மாவிடம் கெஞ்சினேன். "ஒம்போது ஏ வாங்கிட்டு அங்க போயிக் கெடைக்காமப் போயிருமா? வாய மூடிட்டு இருடி" என்றார் அம்மா.

அப்பா ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தார். தைப்பூசத்துக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டை. மலையிலேயே பிறந்து வளர்ந்தும் கீழிறங்கும் தாப்பா ரோட்டின் வளைவுகள் எனக்கு இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. மூன்று பிளாஸ்டிக் பை நிறைந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கல்லூரியில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. நானோ பழக்க தோஷத்தில் கம்பளி ஸ்வெட்டரோடு வந்திருந்தேன். கழற்றலாம் என்றால், உள்ளே போட்டிருந்த சட்டையின் மூன்றாவது பித்தான் பேருந்தில் வாந்தி எடுத்த வேகத்தில் தெறித்துப் போயிருந்தது. ஆகவே ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் ரோபோ செய்து வெளிநாட்டில் போட்டியிட்டவனாம். அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் கையில் வயலின் பெட்டி. அமெரிக்கா சொன்னது சரிதான்!

அப்பாவோ வாசலில் காவலாளியோடு அரைமணி நேரத்தில் நெருக்கமாகிவிட்டார். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டபோது, "பயப்படாமப் பேசு. கிராணியார் சூராட் இருக்குல்ல" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அறையில் இருவர். ஒருவர் குட்டை முடி வைத்த சீனப் பெண்மணி, கல்லூரித் துணை முதல்வர். கருப்புப் பாவாடை, முகத்தில் சிரிப்பின் அடையாளமே கிடையாது. மற்றவர் பூப்போட்ட பத்தேக் சட்டை போட்ட மலாய்ப் பெரியவர், பேராசிரியர். அவர் முன்னால் தேநீர்க் கோப்பை. பேச்செல்லாம் ஆங்கிலத்தில். முதல் பத்து நிமிடம் நான் பிய்த்து உதறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தலைமைத்துவம் என்றேன். நிர்வாகம் என்றேன். பானம் வழங்கும் பிரிவில் ஏற்பட்ட நெருக்கடியை எப்படிச் சமாளித்தேன் என்று விளக்கினேன். (மோர் தீர்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினோம்.)

பேராசிரியர் கோப்பையைக் கீழே வைத்தார். "நாற்பது ஏக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய குடும்பம்தான். உங்கள் தேயிலை என்ன பெயரில் கடைக்கு வருகிறது? நான் தேநீர்ப் பிரியன்."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் ஒன்பது ஏ வாங்கிய வாய் சும்மா இருக்குமா?

"நாங்கள் கடைக்குக் கொடுப்பதில்லை, சார். மொத்த வியாபாரம் மட்டும்தான்" என்றேன்.

அவர் மரியாதையாகத் தலையசைத்தார். ஸ்வெட்டருக்குள் எனக்கு வேர்வை ஆறாக ஓடியது. துணை முதல்வர் உறையைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். குங்குமப் பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு கிழித்தார். ஐந்து வெள்ளிக்கிழமை விபூதியும் மொத்தமாக அவருடைய கருப்புப் பாவாடையில் கொட்டியது.

அவர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டு கடிதத்தைப் பிரித்தார். இரண்டு வரி படித்தார். நெற்றி சுருங்கியது. இன்னும் இரண்டு வரி படித்தார். பிறகு பேராசிரியரிடம், "இதை உரக்கப் படிக்க வேண்டும்போல் இருக்கிறது" என்றார்.

கிராணியாரின் ஆங்கிலத்தில் இருந்த அந்தக் கடிதத்தை முடிந்தவரை அப்படியே தமிழில் தருகிறேன்:

'சம்பந்தப்பட்டவர்களுக்கு. இக்கடிதத்தைக் கொண்டுவரும் தேன்மொழி, கங்காணி ஆறுமுகத்தின் மகள், பிறந்த நாள் முதல் இத்தோட்டத்தில் லைன் வீட்டில் வசித்து வருகிறார். நடத்தை திருப்தி. மதுப்பழக்கம் இல்லை. லைனில் சண்டை சச்சரவு இல்லை. திருட்டுப் புகார் இதுவரை இல்லை. உடல்நலம் நன்று, ஏற்றமான இடங்களிலும் சுமை தூக்க வல்லவர். களை எடுக்கவும், உரம் போடவும், கொழுந்து வெட்டும் மிஷினில் ஒரு பக்கம் பிடிக்கவும் தெரிந்தவர். தன் சொந்த விருப்பத்தின் பேரில் தோட்டத்தை விட்டுச் செல்கிறார். திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.'

சிரிப்பின் அடையாளமே இல்லாத அந்த முகத்தில் ஏதோ துடித்தது. 'மதுப்பழக்கம் இல்லை'யில் அவர் ஒருமுறை நிறுத்தினார். 'திருட்டுப் புகார் இதுவரை இல்லை'யில் 'இதுவரை' என்ற சொல்லை இரண்டாம் தடவை வாசித்தார். முடித்ததும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பேராசிரியர் மூடிக்கொள்ளவில்லை. நன்றாகச் சிரித்தார், கண்ணீர் வரச் சிரித்தார்.

சிரித்து முடித்துவிட்டு, "அடிக், ஒரு சந்தேகம்" என்றார். அடிக் என்றால் மலாயில் தங்கை, தம்பி. அதுவரை 'மிஸ்' என்று அழைத்தவர் 'அடிக்' என்று இறங்கியதுமே என் ஏக்கர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. "நாற்பது ஏக்கரை நிர்வகிக்கும் வீட்டுப் பிள்ளை, மிஷின் பிடிப்பது எப்படி?"

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். "அடிமட்டத்திலிருந்து கற்றுக்கொண்டால்தான் நிர்வாகம் புரியும் என்பது எங்கள் குடும்பக் கொள்கை, சார்" என்றேன்.

"நல்ல கொள்கை. நான் விவசாய இயந்திரங்களைத்தான் இருபது வருடம் பாடம் நடத்தினேன். இரண்டு பேர் பிடிக்கும் அந்த மிஷினில் என்ஜின் எந்தப் பக்கம் இருக்கும்?"

உண்மை என்னவென்றால், அந்த மிஷினை நான் தொட்டதே கிடையாது. தொட்டால் அம்மா கையை ஒடித்துவிடுவார். தூரத்து மலையில் அது உறுமும் சத்தம்தான் எனக்குத் தெரியும். "படிக்கிற புள்ளைக்கு மலையில என்ன வேல?" என்று அப்பாவும் அம்மாவும் என்னைக் கொழுந்துக் கொட்டகையைத் தாண்ட விட்டதில்லை. நான் மிகுந்த நம்பிக்கையோடு, "நடுவில், சார்" என்றேன்.

"நடுவிலா?"

"ஆமாம், சார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் பாரம் சமமாக இருக்கும்."

பேராசிரியர் மெல்லச் சொன்னார். "என்ஜின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும், அடிக். நடுவில் வைத்தால் கொழுந்தை எதில் வெட்டுவது?"

துணை முதல்வர் என் கட்டுரையை ஒரு கையிலும் கிராணியாரின் கடிதத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டார். "ஆக, இந்தக் கடிதம் சொல்வதும் உண்மை இல்லை, இந்தக் கட்டுரையும் உண்மை இல்லை. உங்களைப் பற்றி எங்களிடம் இருக்கும் காகிதங்களில் எதைத்தான் நாங்கள் நம்புவது?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ரிசல்ட் ஸ்லிப்பை, மேடம்" என்றேன். "அது மட்டும் நிஜம்."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா கங்காணி. நாற்பது ஏக்கர் அவர் வேலை வாங்கும் மலை, எங்களுடையது அல்ல. நாங்கள் இருக்கும் வீடுகூட எங்களுடையது அல்ல. மிஷின் பிடிப்பவர் அம்மா. கிராணியார் பொய் சொல்பவர் அல்ல, எல்லோருக்கும் அவர் எழுதுவது அந்த ஒரே கடிதம்தான். மோர் ஊற்றியது நிஜம், ஆனால் பிரிவு கிரிவு எதுவும் இல்லை, ஒரு வாளிதான். மூக்கைச் சிந்தத் தாள் இல்லாததால் ஸ்வெட்டர் கையில் துடைத்துக்கொண்டேன். அந்த ஸ்வெட்டரால் அன்று கிடைத்த ஒரே பயன் அதுதான். பேராசிரியர் தன் தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். துணை முதல்வர் மென்மையாகவே "நன்றி, போய் வாருங்கள்" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா ஓடி வந்தார். "எப்படிம்மா?"

"சிரிச்சாங்கப்பா" என்றேன். டீ கொடுத்ததையும் சொன்னேன்.

"சிரிச்சாங்களா? அப்போ நல்லதுதானேலா!" என்று அவர் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் அடித்தார். "சரோஜா, ஆபீசருங்க சிரிச்சுப் பேசுனாங்களாம். டீயெல்லாம் குடுத்துருக்காங்க." நான் வாயைத் திறப்பதற்குள் செய்தி தாப்பா மலையேறி லைனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீடு திரும்பியபோது கோயிலில் என் பெயரில் அர்ச்சனை முடிந்து சர்க்கரைப் பொங்கல் தயாராக இருந்தது. கிராணியார் தன் குல்லாவோடு முதல் வரிசையில் நின்றார். "என் சூராட்ட யாரு படிச்சா?" என்று கேட்டார். பெரிய மேடமே உரக்கப் படித்தார் என்றேன். "பாத்தியா!" என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பொங்கலை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துத் தடித்த உறை ஒன்று வந்தது. 'வருந்துகிறோம்' என்ற சொல் முதல் வரியிலேயே இருந்தது. வயலின் பெண்ணுக்குக் கிடைத்ததாம், ரோபோ பையனுக்கும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நானே உட்கார்ந்திருந்தாலும் எனக்குக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் வலித்தது. மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய் ஒரு மணி நேரம் அழுதேன். பிறகு அஞ்சலை அக்காவிடம் சிவப்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "குடுத்தத வாங்குற பழக்கம் இல்ல. வேற எங்கயாச்சும் போவேல்ல, வச்சுக்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அந்தத் தடித்த உறைக்குள் என் தாள்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கிராணியாரின் கடிதமும் அதில் இருந்தது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, கடிதத்தையும் வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அப்படிச் செய்தேன். அப்பா கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நெசமாவே தொர சீலு இருக்கா?"

"இருக்குப்பா."

"திருட்டு இல்லன்னு தொர சீல் போட்டுக் குடுத்துருக்காரு! சண்ட சச்சரவு இல்லியாம்!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். பிறகு கொஞ்சம் குரல் தணிந்து, "நான் எங்கயும் வேல மாறிப் போனதில்ல. எனக்கு இந்த மாதிரி ஒண்ணு யாரும் எழுதுனதே இல்ல" என்றார். மறுநாளே பிரிஞ்சாங் போய் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு வந்து, முருகன் படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் மாட்டினார்.

நான் ஆறாம் படிவத்துக்குப் போனேன். மீகோரேங் அப்படி ஒன்றும் மோசமில்லை. பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகம், பிறகு ஆசிரியர் வேலை. சிவப்புப் பெட்டி என்னோடு சரவாக் வரை வந்தது. முதல் மூன்று ஆண்டு அங்கே போட்டார்கள்.

கடிதம் மட்டும் சுவரை விட்டு நகரவில்லை. என்னைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து வந்தவர்களுக்கு அப்பா என் பட்டச் சான்றிதழைக் காட்டவில்லை, அதைத்தான் கழற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்துவிட்டு, "சம்மந்தி, எங்க பையனுக்கும் இந்த மதுப்பழக்க வரிய மட்டும் எழுதித் தருவாரா?" என்று கேட்டார். கல்யாணம் முடிவானது அந்த நிமிடம்தான். இன்றும் நான் குழம்பில் உப்பை மறந்தால், "நடத்தை திருப்தி, சமையல் பத்தி ஒண்ணும் போடல" என்பார் என் கணவர். கார் கதவை ஓங்கிச் சாத்தினால், "ஏற்றமான இடங்களிலும் சுமை தூக்க வல்லவர்" என்பான் என் மகன்.

எனக்குக் கேமரன் மலைக்கே மாற்றல் கிடைத்த வாரம், ரிங்லெட் சந்தையில் கிராணியாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்று, அதே குல்லாவோடு, முட்டைக்கோஸ் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பத்து ஆண்டாக மனத்தில் இருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"ஐயா, மிஷின் புடிக்கத் தெரியும்னு ஏன் எழுதுனீங்க? அதால என் காலேஜே போச்சு தெரியுமா?"

"பின்ன என்னத்தப் போடுறது? போர்ம்ல அப்படித்தான் இருக்கும். எல்லாருக்கும் அதான்" என்றார் கூச்சமே இல்லாமல். முட்டைக்கோஸைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டடி நடந்தவர் திரும்பினார். "கடைசி வரி மட்டும் போர்ம்ல கெடையாது, பாப்பா."

"எந்த வரி?"

"திரும்பி வந்தா சேத்துக்க ஆட்சேபன இல்லங்கிறது. அத யாருக்கும் எழுதக் கூடாது, வந்து நின்னா வீடு குடுக்கணும்ல. தொர பாக்காதப்ப ஒனக்கு மட்டும் நானாத்தான் போட்டேன்."

"ஏன் ஐயா?"

"நீ ரொம்பத் தூரம் போயிருவேன்னு தோணுச்சு" என்றார். உடனே கொத்தமல்லிக் கட்டைப் பார்க்கப் போய்விட்டார். நான் அந்த ஈரச் சந்தையின் நடுவில், கையில் ஒரு கிலோ தக்காளியோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த கடிதத்தின் மேல் படிந்த தூசியை வேட்டி நுனியால் துடைத்தார். அவரும் அம்மாவும் இப்போது எங்களோடு தானா ராத்தாவில்தான் இருக்கிறார்கள். கூட்டம், பயிற்சி என்று நான் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் வாசல் வரை வருவார். நேற்றுகூட ஈப்போவுக்குக் கிளம்பும்போது, மூன்று பிளாஸ்டிக் பையை மறக்காமல் என் கையில் திணித்துவிட்டு, துரை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"போயிட்டு வா. திரும்பி வந்தா சேத்துக்க எங்களுக்கு ஆட்சேபன இல்ல."